லேபிளில் ‘1906 உத்தரவாதம்’: அரசாங்கம் கொடுத்ததா?

கேள்வி: நியூஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மருமகன் பழைய சாமான் சந்தையில் ஒரு குப்பி வாங்கி ஷோகேஸில் வைத்திருக்கிறார். பல் முளைக்கும் குழந்தைக்கான சிரப்பாம். பாதி கிழிந்த லேபிளில் ‘உணவு, மருந்துச் சட்டம், ஜூன் 30, 1906-ன் கீழ் உத்தரவாதம்’ என்று இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் மார்ஃபின்! குழந்தைக்கு மார்ஃபின் கொடுக்க அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்ததா? குப்பியின் அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான்.

பதில்: அம்மா, முதலில் அந்தக் குப்பியைப் பூட்டி வையுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், ‘கழுவி வைக்கலாமே’ என்றும் இறங்க வேண்டாம். மார்ஃபின் என்பது அபினிலிருந்து எடுக்கும் கடுமையான வலிமருந்து. நூறு வருஷம் ஆனதால் அது வீரியம் இழந்திருக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. குப்பியை எப்படி அப்புறப்படுத்துவது என்று பக்கத்து மருந்துக்கடை பார்மசிஸ்டிடம் மருமகன் கேட்கட்டும்.

உத்தரவாதம் கம்பெனி கொடுத்தது, அரசாங்கம் கொடுத்ததல்ல. ‘என் சரக்கு சட்டப்படி சரியானது’ என்று தயாரிப்பாளர் வேளாண்மைத் துறையில் எழுதிக்கொடுப்பார், ஒரு சீரியல் எண் கிடைக்கும். சரக்கில் தப்பு இருந்தால் கேஸ் கடைக்காரர் மேல் பாயாமல் கம்பெனி மேல் பாய்வதற்கான ஏற்பாடு அது. வாங்கிய தாய்மார்களோ, அரசாங்கமே சோதித்து முத்திரை குத்தியதாக நினைத்தார்கள். கம்பெனிகளுக்குக் கசக்குமா? கடைசியில் அரசாங்கமே அந்த வாசகம் வேண்டாம் என்று நிறுத்த வேண்டியதாயிற்று.

இந்த வகைச் சரக்கில் பேர்போனது ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’. 1849-இல் மெய்ன் மாநிலத்தில் தொடங்கியது. ஒரு அவுன்ஸில், அதாவது சுமார் 30 மில்லியில், 65 மில்லிகிராம் மார்ஃபின். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டீஸ்பூனில் கிட்டத்தட்ட 11 மில்லிகிராம். இன்று வலியில் துடிக்கும் பெரியவருக்கே முதல் வேளைக்கு 5 முதல் 10 மில்லிகிராம்தான் வாய்வழியே கொடுப்போம். பிள்ளை அழுகையை நிறுத்தியது, உண்மைதான். சில பிள்ளைகள் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

1906 சட்டம் இதைத் தடை செய்யவில்லை. மார்ஃபின், அபின், கோகெய்ன், ஹெராயின், ஆல்கஹால், குளோரோஃபார்ம் போன்றவை இருந்தால் அளவோடு லேபிளில் போடு, பொய் எழுதாதே என்றது, அவ்வளவுதான். வேளாண்மைத் துறையின் வேதியியலாளர் ஹார்வி வைலியின் ரசாயனப் பிரிவு சந்தைச் சரக்கை வாங்கிச் சோதிக்கும். லேபிள் பொய் என்றால் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதம் போடலாம். 1908-இல் வாஷிங்டனில் ஒரு தலைவலி மருந்துக்காரருக்கு 700 டாலர் அபராதம் விழுந்தது. ‘விஷப்பொருள் எதுவும் இல்லை’ என்று லேபிளில் போட்டுவிட்டு அசிடானிலைடு என்ற நச்சுத்தன்மையுள்ள வலிமருந்தைக் கலந்திருந்தார். அவர் சம்பாதித்த பணத்துக்கு அதெல்லாம் சில்லறை.

1911-இல் பெரிய ஓட்டை விழுந்தது. புற்றுநோய் மருந்து ஒன்றின் வழக்கில், உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய பொய்தான் குற்றம், ‘குணமாக்கும்’ என்ற பொய் இந்தச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுவருஷமே அந்தப் பொய்யையும் குற்றமாக்கும் ஷெர்லி திருத்தம் வந்தது. அதிலும், ஏமாற்றும் எண்ணத்தோடுதான் எழுதினார் என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டும். ‘நான் மனசார நம்பினேன், ஐயா’ என்பவரை என்ன செய்வது? என்னைக் கேட்டால், குழந்தை சிரப்புகளை நிஜமாகவே அசைத்தது 1914-இன் ஹாரிசன் சட்டம்தான். அவுன்ஸுக்குக் கால் கிரெய்னுக்கு மேல், அதாவது சுமார் 16 மில்லிகிராமுக்கு மேல், மார்ஃபின் இருந்தால் சிரப்பும் போதைமருந்துக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். வின்ஸ்லோ சிரப்பிலிருந்தும் அந்தச் சமயத்தில்தான் மார்ஃபின் போயிற்று.

மருமகன் அதை ‘1906 குப்பி’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் திருத்திவிடுங்கள். லேபிளில் இருப்பது சட்டத்தில் கையெழுத்தான தேதி. சட்டம் அமலானது ஜனவரி 1, 1907. மார்ஃபின் என்று எழுதியிருப்பதும் உத்தரவாத வாசகமும் சேர்ந்தே இருப்பதால், 1907-க்கும் முதல் உலகப்போர்க் காலத்துக்கும் நடுவில் வந்த சரக்காக இருக்கும்.