லாபத்தில் பங்கு: எதை லாபம் என்று கணக்கிடுவது?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் சொந்தப் பெயரில் பதிவு செய்து கேட்டரிங் நடத்துகிறேன். சமையல்காரர், உதவியாளர், வேன் ஓட்டுநர் என மூன்று பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு அங்பாவ் (உறையில் வைத்துத் தரும் அன்பளிப்புப் பணம்) கொடுப்பதோடு நிறுத்தாமல் லாபத்திலும் பங்கு தர ஆசை. விற்பனையில் 2 விழுக்காடு கொடுக்கலாமா? அப்படிக் கொடுத்தால் அவர்கள் தொழிலில் பங்காளிகள் ஆகிவிடுவார்களா?

பதில்: நல்ல எண்ணம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் விற்பனையில் விழுக்காடு வேண்டாம். விலையைக் குறைத்துப் பிடித்த பெரிய ஆர்டரில் விற்பனை ஏறும், கையில் ஒன்றும் நிற்காது. கோழி விலை ஏறிய மாதத்தில் நஷ்டத்திலிருந்தும் பங்கு கொடுக்க வேண்டி வரும்.

எத்தனை விழுக்காடு என்பதைவிட, எதை லாபம் என்று சொல்கிறோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள். சண்டை வருவதெல்லாம் அங்கேதான். மூன்று மாத வரவு 96,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். மளிகை, காய்கறி, இறைச்சி 44,000. மூவரின் சம்பளமும் முதலாளி கட்டும் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) 19,700. வாடகை, கேஸ், மின்சாரம், வேன் 11,300. உங்கள் உழைப்புக்கும் மாதம் 3,000 வீதம் 9,000 எடுத்து வையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு முதலாளி கல்லாவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் வேலையாட்களின் கண்ணில் உறுத்தும். மிச்சம் 12,000. இதில் கால் பங்கை, அதாவது 3,000-ஐ, அடுப்பு, பாத்திரம், வேன் பழுதுக்கு ஒதுக்கினால் 9,000 நிற்கும். அதில் 20 விழுக்காடு என்றால் 1,800 வெள்ளி.

இதைப் புள்ளி வைத்துப் பிரியுங்கள். சமையல்காரருக்கு 3, உதவியாளருக்கு 2, ஓட்டுநருக்கு 1 என்றால் ஒரு புள்ளிக்கு 300. முறையே 900, 600, 300 வெள்ளி கிடைக்கும். சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாட்களுக்குப் புள்ளி குறையுமா, இடையில் விலகுபவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கைக்கு வந்த பணத்தை மட்டுமே வரவில் சேருங்கள். கல்யாண வீட்டார் தர வேண்டிய பாக்கி வரும்போது வரட்டும். அதேபோல், அடுத்த மாத விருந்துக்கு வாங்கிய முன்பணம் இன்னும் உங்கள் பணம் அல்ல. அதை லாபமென்று பிரித்துவிட்டால் அரிசி வாங்கக் காசு இருக்காது. மாதாமாதம் பிரிப்பதும் ஆபத்து. தைப்பூசத்தில் அன்னதான ஆர்டர் குவியும், ஆடியில் கல்யாணமே இருக்காது. மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கு முடியுங்கள்; முந்தைய காலாண்டில் நஷ்டம் இருந்தால் அதை அடைத்த பிறகே பங்கு.

இ.பி.எஃப். விஷயத்தில் கவனம் தேவை. பண்டிகைக்கு அன்பளிப்பாகத் தரும் பணத்துக்கு அது பிடிப்பதில்லை. லாபத்திலிருந்து தரும் ஊக்கத்தொகைக்கும் போனஸுக்கும் உண்டு. எழுதிக் கொடுத்த பங்கை உறையில் போட்டு அங்பாவ் என்று சொன்னால் செல்லாது. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்குள் உள்ள, 60 வயதுக்கு உட்பட்ட மலேசியத் தொழிலாளிக்கு உங்கள் பங்கு 13 விழுக்காடு, அவரிடம் பிடிப்பது 11 விழுக்காடு. ஆக 1,800 கொடுத்தால் உங்களுக்கு ஏறத்தாழ 2,034 வெள்ளி செலவாகும். 900 பெறும் சமையல்காரர் கையில் சுமார் 801 கிடைக்கும். இதை முன்னதாகச் சொல்லாவிட்டால், சொன்னது ஒன்று தந்தது ஒன்று என்ற மனக்கசப்பு வரும். பங்கு கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இ.பி.எஃப். பணத்தைக் கட்டிவிடுங்கள். பங்குத் தொகை அவரவர் இ.ஏ. படிவத்திலும் (வருமான வரிக்காக முதலாளி தரும் ஆண்டுச் சம்பள விவரம்) ஏற வேண்டும். கணக்கு ஏடுகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் வைத்திருங்கள். வருமான வரியில் இந்தப் பங்கைச் செலவாகக் காட்டலாம். உங்களுக்கென எடுத்த 9,000-ஐக் காட்ட முடியாது.

பங்காளி பயம் வேண்டாம். லாபத்தில் ஒரு பகுதியை ஊதியமாகப் பெறுவதாலேயே வேலையாள் பங்காளி ஆகிவிடமாட்டார் என்று 1961-ஆம் ஆண்டின் பங்காளித்துவச் சட்டம், 4-ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: இது ஊக்கத்தொகை, நஷ்டத்தில் அவருக்குப் பொறுப்பில்லை, கடன் வாங்கவோ தொழிலின் பெயரில் கையெழுத்திடவோ அதிகாரமில்லை. அவர் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் ‘இவர் என் பார்ட்னர்’ என்று பெருமைக்காகக்கூடச் சொல்லாதீர்கள்; அதை நம்பிக் கடன் கொடுத்தவர் நாளை அவரையும் தேடி வரலாம்.

கேள்வி: கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தையற்கடை வைத்திருக்கிறேன். இரண்டு தையற்காரர்கள். சம்பளத்தை 1,200 வெள்ளியாகக் குறைத்து, மிச்சத்தை லாபப் பங்காகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஐந்து பேருக்குக் குறைவான கடைகளுக்கும் 1.8.2025 முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. லாபப் பங்கு அதற்கு மேல்தான். அதைக் கூட்டி 1,700 ஆக்க முடியாது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தாலும், மாத மொத்தம் அதற்குக் கீழே போகக் கூடாது. இப்போது கட்டுப்படியாகவில்லை என்றால் பங்குத் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.