இரண்டாவது மூக்கு அறுவை: காதுக் குருத்தெலும்பு போதாதா?

முதல் மூக்கு அறுவைக்குப் பிறகு இரண்டாவதுக்கு விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுக்கலாம் என்கிறார் டாக்டர், காதிலிருந்து எடுத்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். மூக்குத் தண்டு அமுங்கியிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் காதுக் குருத்தெலும்பு போதாது. விலாவிலிருந்து எடுக்கலாம் என்று டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காதில் கிடைப்பது மெத்தென்று வளைந்திருக்கும். நுனியைத் திருத்தவும் சின்னப் பள்ளத்தை நிரப்பவும் சரி, பாரம் தாங்காது.

குருத்தெலும்பு எடுக்க வழக்கமாக முதலில் கை வைப்பது மூக்கின் நடுத்தடுப்பில்தான். அதிலும் மேலேயும் முன்னாலும் சுமார் 1 செ.மீ. அகலத்துக்குக் கவிழ்த்த 'ட' மாதிரி விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் மூக்கே உட்கார்ந்துவிடும். உங்களுக்கு முதல் அறுவையிலேயே எடுக்க முடிந்ததை எடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. பழைய அறுவைக் குறிப்பை வாங்கிப் பாருங்கள், எழுதியிருக்கும். 40 தாண்டியவர் என்றால் விலாக் குருத்தெலும்பு எலும்பாக இறுகியிருக்கிறதா என்று சிடி ஸ்கேனில் பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: விலாத் துண்டு நாளடைவில் வளையக்கூடும். நடுப்பகுதியைச் சமச்சீராகச் செதுக்கினால் வளைவு குறையும் என்று கிப்சன், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1958லேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் முழு உத்தரவாதம் கிடையாது. நெஞ்சு வலியும் சில வாரம் இருக்கும். அப்புறம், முதல் அறுவை முடிந்து ஒரு வருடம் ஆகவில்லையென்றால் அவசரப்படாதீர்கள், வீக்கமே இன்னும் வடிந்திருக்காது.