டிவாரில் நிற்கும் எல்என்ஜி, காலிபிரேஷனுக்கு ஆகாது

கேள்வி: எல்என்ஜியின் (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) கலவையை லேசர் ஒளிச் சிதறலால் அளக்கும் ராமன் சென்சாரை, டிவார் குடுவையில் (வெப்பம் புகாதபடி வெற்றிடச் சுவர் கொண்ட குடுவை) பிடித்து வைத்த மாதிரியைக் கொண்டு காலிபிரேட் செய்கிறோம், அதாவது அளவு சரிபார்க்கிறோம். காலையில் காட்டிய மீத்தேன் அளவை மாலையில் காட்டுவதில்லை. சென்சார் பழுதா?

பதில்: சென்சாரைக் கழற்றும் முன் மாதிரியைச் சந்தேகப்படுங்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும் மீத்தேன் மைனஸ் 161.5லும் ஈத்தேன் மைனஸ் 89லும் கொதிக்கும். எவ்வளவு நல்ல டிவாராக இருந்தாலும் கொஞ்சம் வெப்பம் உள்ளே போகத்தான் செய்யும். திரவத்தில் 1 சதவீதம் நைட்ரஜன் இருந்தால், எழும் ஆவியில் அது சுமார் 20 சதவீதம் இருக்கும். முதலில் அதுதான் வேகமாகக் குறையும். கூடவே மீத்தேனும் போகப்போக, ஈத்தேனும் புரோப்பேனும் அடியில் செறியும்.

எனவே கலவை தெரிந்த திரவத்தை நீங்களே தயாரிப்பதுதான் வழி. ஒவ்வொரு வாயுவையும் சிலிண்டரில் எடை போட்டு நிரப்பிக் கலவையை உருவாக்குங்கள். பியூட்டேன், பென்டேன் இருந்தால் சிலிண்டரைப் பனிநிலைக்கு (குளிரும் வாயு திரவமாகத் தொடங்கும் வெப்பநிலை) மேல் சூடாக வைத்து உருட்டுங்கள்; இல்லையென்றால் அவை உள்ளேயே திரவமாகத் தங்கிவிடும்.

சிக்கலான கட்டம் குளிர்விப்பதுதான். குறைந்த அழுத்தத்தில் குளிர்வித்தால் கனமானவை முதலில் திரவமாகி, குழாய்ச் சுவரிலேயே பிரிந்துவிடும். அதனால் வாயுவும் திரவமும் சேர்ந்திருக்கக்கூடிய எல்லைக்கு மேலே அழுத்தத்தை ஏற்றி, அங்கேயே வைத்துக் குளிர்விக்க வேண்டும். அந்த எல்லையை உங்கள் கலவைக்கு ஜிஇஆர்ஜி-2008 என்ற, இயற்கை எரிவாயுக் கலவைகளுக்கான நிலைச் சமன்பாட்டால் கணக்கிடலாம். திரவ நைட்ரஜனால் நேரடியாகக் குளிர்விக்காதீர்கள், மீத்தேன் மைனஸ் 182.5லேயே உறைந்துவிடும்.

குளிர்ந்த பிறகு மேலே ஆவிக்கு இடமே இருக்கக் கூடாது. கொள்ளளவை மாற்றக்கூடிய உலோக பெல்லோஸ் (துருத்திபோல் மடியும்) கலத்தை நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான்: அமுக்கினால் கலம் முழுக்கத் திரவம் மட்டுமே நிற்கும். நைட்ரஜன் வாயுவைக் கொண்டு அழுத்தம் ஏற்றவே ஏற்றாதீர்கள்; அது திரவத்தில் கரைந்து நீங்கள் அளக்கும் எண்ணையே கெடுத்துவிடும்.

சென்சார் அளவெடுப்பதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் திரவத்தைச் சூடான வேப்பரைசரில் (ஆவியாக்கியில்) முழுவதும் ஆவியாக்கி, வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் பாருங்கள். இரண்டு முடிவும் எடைக் கணக்கோடு அளவீட்டு நிச்சயமின்மைக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லையா, அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். திருத்தக் காரணி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, பாதுகாப்பு விஷயம். இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் அடைபட்டுச் சூடானால் குழாயே வெடிக்கும். அடைபட வாய்ப்புள்ள ஒவ்வொரு பகுதிக்கும் அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு வைத்த பிறகே திரவத்தை விடுங்கள்.