மூட்டைப்பூச்சிக்கு மாத்திரை வைக்காதீர்கள்

கேள்வி: வேலூர் தோட்டப்பாளையத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மாடியில் இரண்டு அறைகளை, சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இரண்டு மாதமாக எனக்கும் என் 7 வயது மகளுக்கும் கை, கழுத்து, முதுகில் சிவப்பு சிவப்பாகத் தடித்து அரிக்கிறது. கணவருக்கும் மாமியாருக்கும் ஒன்றும் இல்லை. மெடிக்கலில் கேட்டு அலர்ஜி மாத்திரையும் ஒரு டியூப் கிரீமும் வாங்கினோம். சிரங்காக இருக்கும் என்றார்கள், உடம்பெல்லாம் லோஷனும் தடவினோம். போன வாரம் தலையணை உறையில் ரத்தக் கறை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் மூட்டைப்பூச்சி. இதனால் மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் எல்லாம் வருமா? கணவரின் நண்பர் அரிசி மண்டியில் வேலை செய்கிறார். அரிசி மூட்டைக்கு வைக்கிற மாத்திரையை அறையில் வைத்து இரண்டு நாள் பூட்டிவிட்டால் அடியோடு போய்விடும் என்கிறார். வைக்கலாமா? மாமியாரின் தேக்குக் கட்டிலையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். அவர் ஒப்பவில்லை.
வாசகி, வேலூர்

பதில்: மாத்திரை வைக்காதீர்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம், இந்த வரியை முதலில் உங்கள் கணவரிடம் காட்டிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டார் என்றால், டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்கு வெளியே, ஈரம் படாத, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். சாக்கடையில் போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கூடவே கூடாது.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன் என்ற விஷவாயுவாக மாறிக் கிளம்பும். கதவைப் பூட்டினால் பூச்சிதான் உள்ளே மாட்டும், வாயு மாட்டாது. கதவிடுக்கு, ஒயர் போகிற ஓட்டை, சுவர் விரிசல் என்று எந்த வழி கிடைத்தாலும் பக்கத்து அறைக்குப் போய்விடும். உங்கள் வீட்டு மாடியில் படுத்திருப்பவரோ ஏற்கெனவே நோயாளி. வாந்தியில் ஆரம்பித்து, நெஞ்சை அழுத்தி, ரத்த அழுத்தம் சரிந்து, சில மணி நேரத்தில் கை மீறிப் போகிற விஷம் இது. இதற்கு முறிமருந்து கிடையாது. அதனால்தான் நம் நாட்டில் இதைப் பயன்படுத்தும் அனுமதியை அரசு அமைப்புகளுக்கும், பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பு ஆட்களுக்கும் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். மூட்டைப்பூச்சி கடித்துச் செத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மூட்டைப்பூச்சி மருந்தால் செத்தவர்களை, டியூட்டி டாக்டராக இருந்த காலத்தில், நிறையவே பார்த்திருக்கிறேன்.

சரி, கடிக்கு வருவோம். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்தாலும் ஒருவருக்கு மட்டும் தடிப்பு வருவது மூட்டைப்பூச்சி விஷயத்தில் சகஜம். கடிக்கும்போது அது எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலை உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தடிப்பும் அரிப்பும். சிலருக்கு எதுவுமே தெரியாது, அதுவும் வயதானவர்களுக்கு. முதல் தடவை கடிபட்டவருக்குத் தடிப்பு வெளியே தெரியப் பத்துப் பதினான்கு நாள்கூட ஆகலாம். பழகப் பழக அடுத்த நாளே வரும். ஆகவே உங்கள் மாமியாரை அது கடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, அவர் தோல் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் வெளிறிப்போய், சீக்கிரம் களைத்துப் போகிறார் என்றால் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். பூச்சி மிக அதிகமாக இருக்கும் வீடுகளில் ரத்தச் சோகை வருவதுண்டு.

தடிப்பைப் பார்த்து மட்டும் இது மூட்டைப்பூச்சி என்று எந்த டாக்டராலும் சத்தியம் செய்ய முடியாது. நம் ஊரில் மார்ச் பிறந்தால் பாதிப் பேருக்கு வேர்க்குரு வேறு. ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு. இரவில் துணி மூடாத இடங்களில், அதாவது கை, கழுத்து, முகம், தோள் இங்கெல்லாம் மூன்று நான்கு தடிப்பு வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். சிரங்கு வேறு மாதிரி. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, மறைவிடம் இங்கெல்லாம் வரும், இரவில் பிய்த்துக்கொண்டு அரிக்கும், வீட்டில் ஒவ்வொருவராகத் தொற்றும். சிரங்குக்கான லோஷன் உங்களுக்குப் பயன்படாமல் போனதில் ஆச்சரியமில்லை. சிரங்குப் பூச்சி தோலுக்குள் குடியிருக்கும். மூட்டைப்பூச்சி குடியிருப்பது கட்டிலில். ராத்திரி வந்து ஐந்து பத்து நிமிடம் குடித்துவிட்டுப் போய்விடும்.

நோய் பரப்புமா என்றால், எய்ட்ஸோ மஞ்சள் காமாலையோ இதனால் வராது. ஒரு காலத்தில் இந்தப் பூச்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதே நம் பக்கத்தில்தான். 1907 வாக்கில் சென்னையில் பேட்டன் என்ற வெள்ளைக்கார மருத்துவர், கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் கிருமி மூட்டைப்பூச்சியின் வயிற்றில் வளர்வதைக் கண்டார். இதுதான் பரப்புகிறது என்று பல வருடம் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பரப்புவது மணல் ஈ என்று 1942-ல் உறுதியானது, மூட்டைப்பூச்சி விடுதலை. சொறிந்து சொறிந்து தோல் கிழிந்து, அதில் சீழ் பிடிப்பதுதான் நிஜமான தொல்லை. மகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, கேலமைன் லோஷன், அரிப்பு தாங்காவிட்டால் இரவில் செட்டிரிசின், இவை போதும். குழந்தைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டே கொடுங்கள். மஞ்சளாக நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உதடும் கண்ணிமையும் வீங்கினாலோ நேரில் காட்ட வேண்டும். அப்புறம், மெடிக்கலில் கொடுத்த அந்த டியூபைத் தூரப் போடுங்கள். மூன்று நான்கு மருந்து கலந்த கிரீம்களில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். நாள்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும், படர்தாமரை இருந்தால் பற்றிப் பரவும்.

இனி பூச்சி. வளர்ந்தது கொள்ளு அளவு இருக்கும், நிறமும் அதேதான், ஆனால் தட்டை. ரத்தம் குடித்ததும் உருண்டு நீளும். குஞ்சு வைக்கோல் நிறத்தில் இருக்கும், கண்ணுக்கு லேசில் தெரியாது. முட்டை ஒரு மில்லிமீட்டர், வெள்ளையாக, பசை போட்டு ஒட்டியது மாதிரி இடுக்கில் இருக்கும், துடைத்தால் வராது. பூச்சியைத் தேடுவதைவிட அதன் எச்சத்தைத் தேடுங்கள். மெத்தைத் தையல் ஓரத்தில் பேனா மை சொட்டியது போலக் கருப்புப் புள்ளிகள் இருக்கும், ஈரத்துணியால் தேய்த்தால் பழுப்பாகக் கலையும். டார்ச் அடித்து, பழைய ஏ.டி.எம். அட்டையை இடுக்கில் விட்டு இழுத்துப் பாருங்கள். கட்டில் மூலை, திருகாணி ஓட்டை, இரும்புக் கட்டிலின் குழாய் வாய், தலைமாட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர், ஸ்விட்ச் பெட்டி, ஜன்னல் திரை மடிப்பு. பெரும்பாலும் படுக்கையைச் சுற்றி ஏழெட்டு அடிக்குள்தான் இருக்கும்.

இப்போது எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று. கடி தாங்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் படுப்பார்கள். நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்துத்தான் அது நம்மைத் தேடி வருகிறது. நீங்கள் ஹாலுக்குப் போனால் அதுவும் ஹாலுக்கு வரும், வீடு முழுக்கக் குடியேறும். அதே அறையில் படுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டு, போர்வை தரையில் படாமல் பார்த்துக்கொண்டு, நான்கு காலுக்கும் கீழே சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வையுங்கள். பாட்டி காலத்து வித்தைதான். சும்மா வழுவழுப்பான கிண்ணம் போதாது. குளிர் நாட்டு மூட்டைப்பூச்சி அதில் சறுக்கி விழும், நம் வெப்பநாட்டு வகையோ ஏறி வந்துவிடும். தண்ணீர் வேண்டும்.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வருடா வருடம் திட்டிக்கொண்டே அனுபவிக்கிறோமே, அந்த வெயில்தான். 50 டிகிரியைத் தாண்டினால் பூச்சியும் முட்டையும் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. 48 டிகிரியில் முட்டை சாக ஒன்றரை மணி நேரம் ஆகும். அக்கினி நட்சத்திரத்தில் காற்றே 40-ஐத் தாண்டும் ஊரில் மொட்டைமாடித் தரை எவ்வளவு கொதிக்கும் என்று உங்கள் காலுக்குத் தெரியும். ஆனால் மெத்தையை அப்படியே வெயிலில் விரித்தால் பூச்சி நிழல் பக்கம் நகர்ந்து தப்பித்துவிடும். நாங்கள் ஹாஸ்டலில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டில்களை மைதானத்தில் போட்டு அடிப்போம். பூச்சி எல்லாம் மண்ணில் இறங்கிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனதுதான் மிச்சம். துணி, போர்வை, ஜமக்காளம், மகளின் பள்ளிப்பை இவற்றைக் கருப்பு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வாயை இறுகக் கட்டி, உச்சிவெயிலில் நான்கைந்து மணி நேரம் தட்டையாக வையுங்கள். நடுவில் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். திணித்து வைத்தால் நடுவில் சூடு ஏறாது. துவைக்கிற துணி என்றால் 60 டிகிரி வெந்நீர்.

மெத்தைக்கு இது பலிக்காது, பஞ்சுக்குள் சூடு இறங்காது. தையல் ஓரங்களைப் பிரஷ்ஷால் தேய்த்து, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, உறிஞ்சிய பையை உடனே கட்டி வெளியே போட்டுவிட்டு, மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போடுங்கள். ஒரு வருடத்துக்குக் கழற்றாதீர்கள். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கிற ஜென்மம் அது.

இவ்வளவும் செய்தும் நிற்கவில்லை என்றால் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். மாடி அறைகளும் இருப்பதால் உங்களுக்கு அது தேவைப்படும் என்றே நினைக்கிறேன். உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து அடிக்கப் போகிறார்கள், எத்தனை தடவை வருவார்கள் என்று கேளுங்கள். ஒரே தடவையில் முடித்துவிடுவோம் என்பவரை நம்பாதீர்கள். பெரும்பாலான மருந்துகள் முட்டையைத் தொடாது. முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் பெரிதாகி முட்டையிடுவதற்குள், பத்துப் பதினான்கு நாள் கழித்து, இரண்டாவது தடவை அடிக்க வேண்டும். கடையில் விற்கிற கொசு, கரப்பான் ஸ்ப்ரேக்களுக்கு இந்தப் பூச்சி பல இடங்களில் பழகிவிட்டது. சாகாது, பக்கத்து அறைக்கு ஓடும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம், பஞ்சு மெத்தையும் தீக்குச்சியும் ஒரே வீட்டில் இருக்கின்றன. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை.

மருந்து அடிக்கிற நாளை மாடியில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோயாளி, கர்ப்பிணி, குழந்தை யாரும் மருந்து காய்ந்து காற்றோட்டம் வரும்வரை உள்ளே இருக்கக் கூடாது. அன்றைக்கு வேறு இடம் பார்த்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அவர்கள்தான் கொண்டு வந்தார்கள் என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். காட்பாடி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறக்குகிற துணிப்பெட்டி எந்தப் பெட்டியின் பக்கத்தில் இருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் கணவர் போன வருடம் பழைய சோபா ஏதும் வாங்கினாரா என்றும் கேட்டுப் பாருங்கள். இதற்குச் சுத்தமும் அழுக்கும் கணக்கில்லை, நட்சத்திர ஓட்டலிலும் இருக்கிறது. ஆள் மாறும்போதெல்லாம் வெள்ளை விரிப்புப் போடுங்கள், பெட்டி வைக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு வாங்கிப் போடுங்கள், காலி செய்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தேக்குக் கட்டில் எங்கும் போக வேண்டாம். தெருவில் போட்டால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் போடுவார்கள், அவ்வளவுதான் லாபம். வெளியே எடுத்துக் கழற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் திருகாணி ஓட்டையிலும் கொதிக்கிற தண்ணீரைக் கெட்டிலால் மெதுவாக ஊற்றுங்கள். குழந்தையைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. காய்ந்ததும் விரிசல்களை மரப்பசையும் மரத்தூளும் கலந்து அடைத்துவிட்டுப் பூட்டுங்கள். பாலீஷ் கொஞ்சம் மங்கும். அதை மட்டும் மாமியாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.