பழ வாசனை மது: ஜூஸா, அரிஷ்டமா?

கேள்வி: பீர், விஸ்கி தொடமாட்டேன். நண்பர்களோடு சேரும்போது பீச், ஆரஞ்சு வாசனையில் வரும் சின்ன பாட்டில் இரண்டு மட்டும் குடிப்பேன். "இது ஜூஸ் மாதிரிதான்டா, ஆயுர்வேதத்திலேயே திராட்சாரிஷ்டம் இருக்கே" என்கிறான் நண்பன். சரிதானா? – வாசகர், புதுச்சேரி

பதில்: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 275 மி.லி., 4.8 சதவீதம் என்று போட்டிருந்தால் அதில் சுமார் 13 மி.லி. சுத்தச் சாராயம் (ஆல்கஹால்) இருக்கிறது. 42.8 சதவீத விஸ்கி 30 மி.லி.யிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக இரண்டு பாட்டில் என்பது 60 மி.லி. விஸ்கி, அதாவது ஒரு லார்ஜ். விஸ்கி தொடாமலே அது உள்ளே போய்விட்டது!

லேபிளில் பழத்தின் படம் பெரிதாக இருக்கும். பொடி எழுத்தில் தண்ணீர், சர்க்கரை, சுவையூட்டி, 330 என்று வரும். 330 என்பது சிட்ரிக் அமிலம். பழப் புளிப்பு பல பாட்டில்களில் அதன் கைவண்ணம்தான்.

அரிஷ்டத்தின் கதை வேறு. மூலிகைக் கஷாயத்தில் வெல்லமும், பெரும்பாலும் தாதகிப் பூவும் சேர்த்து, மூடிவைத்துப் புளிக்க விடுவார்கள். அதில் தானாக ஊறும் சாராயம் பொதுவாக 5 முதல் 10 சதவீதம். அட, உங்கள் பாட்டிலைவிட அதிகமாயிற்றே என்பீர்கள். அளவைப் பாருங்கள்: 15 முதல் 30 மி.லி., சாப்பாட்டுக்குப் பின், சம அளவு தண்ணீர் கலந்து. 30 மி.லி. குடித்தாலும் சாராயம் 3 மி.லி.யைத் தாண்டாது. யாரும் அதை ஐஸ் போட்டு, சிப்ஸ் கொறித்துக்கொண்டு குடிப்பதில்லை.

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் குடிநோய்க்கென்றே மதாத்யயம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. மதுவுக்கு உஷ்ணம், தீட்சணம் (கூர்மை), வறட்சி என்று பத்துக் குணங்கள். உடலின் சாரமான ஓஜஸுக்குக் குளிர்ச்சி, மென்மை, நெய்ப்பு என்று நேர் எதிரான பத்து. ஒன்று ஏறினால் மற்றது குலையும் என்பது அதன் கணக்கு. முறையோடு, அளவோடு, உடல்வலு பார்த்து, தக்க உணவோடு குடித்தால் மது அமுதம் போன்றது என்றும் சரகர் சொல்கிறார். உங்கள் நண்பர் வகையறா பிடித்துக்கொள்வது இந்த வரியைத்தான். ஆனால் எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. நான் அந்தப் பக்கம்தான்.

என் கவலை இனிப்பைப் பற்றியது. கசப்பும் எரிவும்தான் நாக்கு போடும் பிரேக். சர்க்கரை அதைக் கழற்றிவிடுகிறது. மூன்றாவது பாட்டில் தெரியாமலே காலியாகும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறேன். விசேஷ நாளில் ஒரு பாட்டில்? – வாசகர், காரைக்கால்

பதில்: வேண்டாம். பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் சத்து அட்டவணை மது பாட்டிலில் இருக்காது. எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்றே தெரியாது. அப்புறம், சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் மது சேர்ந்தால், சில மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை மளமளவென இறங்கிவிடும். அதனால் வரும் தள்ளாட்டம், உளறலைப் பார்த்துப் 'போதை' என்று வீட்டில் தூங்க விட்டுவிடுவார்கள். அரிஷ்டத்திலும் வெல்லம் உண்டு. அதையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.