கேள்வி – பதில்: ஒற்றை நடைபாதை விமானத்தில் நெடும்பயணம்

கேள்வி: ஏ321 எக்ஸ்எல்ஆர் என்ற புதிய சிறு விமானம் ஒரே மூச்சில் 8,700 கிலோமீற்றர் பறக்கும் என்கிறார்கள். அப்படியானால் கொழும்பிலிருந்து லண்டனுக்கும் அதுவே போதுமே. பெரிய விமானங்களை இன்னும் ஏன் வைத்திருக்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: லண்டனுக்கு அது போதாது. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரமே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். எயார்பஸ் நிறுவனம் தன் விமானத்துக்குச் சொல்லும் உச்ச எல்லையும் அதே 8,700 கிலோமீற்றர்தான். இரண்டு எண்களும் பொருந்துகின்றனவே என்று மகிழ்வதற்கு இடமில்லை. தயாரிப்பாளர் சொல்லும் எல்லை, காற்று அசையாத வானத்தில், குறித்த எடையுடன் பறப்பதாகக் கொண்டு கணக்கிடப்படுவது. மேற்கு நோக்கிச் செல்லும் விமானமோ, குறிப்பாகக் குளிர்காலத்தில், பலத்த எதிர்க்காற்றைச் சந்திக்கிறது; அத்துடன் மத்திய கிழக்கின் வான்பரப்பு மூடப்படும் நாட்களில் சுற்றுவழியிலும் செல்ல நேர்கிறது. எல்லையின் விளிம்பிலேயே இருக்கும் ஒரு பாதையில், பல ஆசனங்களை வெறுமையாக விட்டால் ஒழிய, ஆண்டு முழுவதும் நம்பிக்கையாகச் சேவை நடத்த இயலாது.

2019 ஜூன் மாதம் பாரிஸ் விமானக் கண்காட்சியில் அறிவிக்கப்பட்ட இந்த விமானம், 2024 ஜூலையில் ஐரோப்பியச் சான்றிதழைப் பெற்று, அவ்வாண்டு நவம்பரில் ஸ்பெயினின் ஐபீரியா நிறுவனத்தில் சேவைக்கு வந்தது. அதன் முதல் நெடும்பயணப் பாதை மட்ரிட்டிலிருந்து பொஸ்டன் வரையானது. தூரம் சுமார் 5,500 கிலோமீற்றர். விளம்பரத்தில் சொல்லப்படும் எல்லைக்கும் விமான நிறுவனம் துணிந்து தெரிவு செய்யும் பாதைக்கும் உள்ள இடைவெளியை இதிலிருந்தே அறியலாம்.

ஆனாலும் அதன் வடிவமைப்பு வியக்கத்தக்கது என்பதை மறுக்க முடியாது. சாதாரண ஏ321 நியோவின் உடலையும் இறக்கையையுமே பெரிதும் வைத்துக்கொண்டு, சக்கரங்கள் மடிந்து அமரும் அறைக்குப் பின்னால், விமானத்தின் வயிற்றுப் பகுதியிலேயே 12,900 லீற்றர் கொள்ளும் ஓர் எரிபொருள் தாங்கியைப் பொருத்தியிருக்கிறார்கள். தாங்கியின் வெளிச்சுவராக விமானத்தின் உடலே அமைவதால், ஓடுபாதையில் விபத்து நேர்ந்தால் என்னவாகும் என்று ஐரோப்பியப் பாதுகாப்பு அதிகாரிகள் கேள்வி எழுப்பினர். அதன் பின்னர் அப்பகுதியைக் கூடுதலாக வலுப்படுத்த வேண்டியதாயிற்று. 2023இல் வருவதாக இருந்த விமானம் 2024இல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். புறப்படும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடை 101 தொன். ஒப்பிட்டுப் பார்க்க, எயார்பஸின் இரு நடைபாதைப் பெரிய விமானமான ஏ330-300க்கு அது 242 தொன் வரை போகும்.

எரிபொருளுக்குக் கொடுத்த அந்த இடம் சரக்கு அறையிலிருந்து எடுக்கப்பட்டது. இலங்கைக்கு இது சிறிய விடயமன்று. பயணிகளின் காலடியில்தான் நமது தைக்கப்பட்ட ஆடைகளும், பனிக்கட்டியில் அடுக்கிய சூரை மீனும், மரக்கறியும் வெளிநாடு செல்கின்றன. ஏ330-300 தன் அடித்தளத்தில் முப்பத்திரண்டு கொள்கலன்களை இரண்டிரண்டாக அடுக்கிச் செல்ல வல்லது; ஏ321 வகையில் அதைவிடச் சிறிய கொள்கலன்கள் பத்துதான் கொள்ளும், எக்ஸ்எல்ஆரில் அதுவும் குறையும். ஹீத்ரோவில் புறப்பாடுகளும் தரையிறக்கங்களுமாக ஆண்டுக்கு 480,000 மட்டுமே அனுமதிக்கப்படுவதையும் சேர்த்துப் பாருங்கள். அரிதாகக் கிடைக்கும் ஒரு தரையிறங்கும் நேரத்தை, 297 ஆசனங்கள் கொண்ட விமானத்துக்குப் பதிலாக 182 ஆசனங்கள் கொண்ட ஒன்றுக்கு எவரும் மனமுவந்து கொடுக்கமாட்டார்கள். (முதல் எண் ஸ்ரீலங்கனின் ஏ330-300க்கு உரியது, இரண்டாவது ஐபீரியாவின் எக்ஸ்எல்ஆருக்கு.)

அப்படியென்றால் இந்த விமானம் யாருக்கு? பெரிய விமானத்தை நிரப்பும் அளவுக்குப் பயணிகள் இல்லாத, ஆனால் நேரடிச் சேவை இருந்தால் நிச்சயம் ஏறுவோம் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும் பாதைகளுக்கு. கொழும்பிலிருந்து டோக்கியோ 7,000 கிலோமீற்றருக்குள் அடங்கும். அத்தகைய நடுத்தரத் தூரத்தில், ஆட்கள் குறைந்த பருவத்திலும் சேவையை நிறுத்தாமல் நடத்த இது உதவும் என்பது என் கருத்து. 1980களில் எயார் லங்கா (இன்றைய ஸ்ரீலங்கன்), அவுஸ்திரேலியாவின் குவான்டாஸிடமிருந்து இரண்டு பெரிய 747 விமானங்களைப் பெற்றுப் பறக்கவிட்டதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்; அவை நீண்ட காலம் இங்கு நிலைக்கவில்லை.

கேள்வி: இரண்டே இயந்திரங்களுடன் ஒரு சிறிய விமானம் சமுத்திரத்தைக் கடப்பது பாதுகாப்பானதா?
– வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: ஏ330, ஏ350, போயிங் 777, 787 ஆகிய பெரிய விமானங்கள் அனைத்துக்கும் இயந்திரங்கள் இரண்டுதான். நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ380இன் தயாரிப்பு 2021இல் முடிந்தது; கடைசி 747 விமானம் 2023 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. ஓர் இயந்திரம் நின்றாலும் மற்றையதன் துணையுடன் குறித்த நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் வழியெங்கும் இருக்க வேண்டும் என்பதே விதி. அந்த நேரத்தை 120 நிமிடங்களாக நீட்டிக் கொள்ளும் அனுமதி 1985இலேயே போயிங் 767க்கு வழங்கப்பட்டுவிட்டது. விமானத்தின் பருமனுக்கும் இவ்விதிக்கும் தொடர்பில்லை.

கேள்வி: ஒடுங்கிய விமானத்தில் ஏழெட்டு மணித்தியாலம் அமர்ந்திருப்பது சிரமமாக இராதா? குலுக்கலும் அதிகமாக இருக்குமே?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: ஆசனம் ஒடுங்கியது என்று எண்ண வேண்டாம். ஏ321இலும் ஏ330இலும் சாதாரண வகுப்பு ஆசனத்தின் அகலம் பொதுவாக 18 அங்குலமே. வரிசைக்குப் பத்துப் பேரை அமர்த்தும் 777 விமானங்களில் அது ஏறத்தாழ 17 அங்குலமாகக் குறைகிறது. இடைஞ்சல் நடைபாதையில்தான் இருக்கிறது. இரண்டு–நான்கு–இரண்டு என்று அமைந்த ஏ330இல் எவரும் எழுந்து செல்ல ஒருவரைத் தாண்டினால் போதும். மூன்று–மூன்று என்ற அமைப்பில் ஜன்னலோரத்தில் இருப்பவர் இருவரை எழுப்ப வேண்டும். உணவு வண்டி நடைபாதைக்கு வந்துவிட்டால், அது நகரும் வரை கழிப்பறைப் பக்கம் போக வழியில்லை. ஏழு மணித்தியாலப் பயணத்தில் இது இரண்டு முறையாவது நிகழும்.

குலுக்கலை விமானத்தின் பருமன் மட்டும் தீர்மானிப்பதில்லை. இறக்கையின் ஒவ்வொரு சதுர மீற்றரும் எவ்வளவு எடையைத் தாங்குகிறது, இறக்கை எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பனவும் அதில் சேரும். உண்மையான வேறுபாடு காற்றழுத்தத்தில் உண்டு. ஏ350, 787 ஆகியவற்றின் உள்ளறை 6,000 அடி உயரத்துக்குச் சமமாக, அதாவது ஏறத்தாழ நுவரெலியாவில் இருப்பது போல, பேணப்படுகிறது. ஏ321 போன்ற அலுமினிய உடல் விமானங்களில் அது 8,000 அடி வரை, பிதுருதலாகலை உச்சியை அண்டிய அளவுக்கு, போகலாம். இறங்கும்போது தலைவலியும் சோர்வும் வருவதாகச் சொல்பவர்கள் இதைக் கவனத்திற் கொள்வது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் எக்ஸ்எல்ஆரில் பயணம் செய்வதாயின், ஜன்னலை மறந்துவிட்டு நடைபாதை ஓர ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளட்டும்.