கட்டிலுக்குக் கீழே ஒரு பச்சை விரியன்

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 21 வயது. இரத்தினபுரியில் நண்பன் வீட்டுக்குப் போனவன், தோட்டத்தில் ஒரு பச்சை விரியனைப் பிடித்துக்கொண்டு வந்து கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறான். இரண்டு கிழமையாகக் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. 'வடிவாகப் பார்த்துக்கொள்ளுவன், பயப்படாதீங்க' என்கிறான். எங்களுடையது நான்காம் மாடி, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. வைத்திருக்கலாமா? இல்லையென்றால் கால்வாயோரம் விட்டுவிடலாமா?"

இரண்டும் வேண்டாம் அம்மா.

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. தொட்டியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டச் சொல்லுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் மறைக்க வேண்டாம். அறையைப் பூட்டிக் கதவின் கீழ் இடைவெளியில் துவாயைச் சுருட்டி வையுங்கள். தண்ணீர் மாற்றவோ படம் எடுக்கவோ யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. அப்புறம் பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் திணைக்களத் தலைமையகத்துக்கு அழையுங்கள். அனுமதி இல்லாமல் இதைப் பிடித்து வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஒளித்து வைக்கும் ஒவ்வொரு நாளும் சிக்கல் கூடும். நீங்களாகவே கூப்பிட்டு ஒப்படைப்பதுதான் நல்லது.

கால்வாயோரம் ஏன் கூடாது? இலங்கையில் மட்டுமே வாழும் பாம்பு இது. ஈரவலயக் காட்டிலும் தோட்டங்களிலும் கொடியைச் சுற்றிக்கொண்டு இரவில் தவளைக்கும் பல்லிக்கும் காத்திருக்கும். வெள்ளவத்தைக் கொங்கிறீற்றில் அதற்கு வாழ வழியில்லை. அது சாவதற்குள் வேறு யாராவது தெரியாமல் மிதித்துவிடவும் கூடும்.

இனி மகனைப் பற்றி. அவரைத் திட்டாதீர்கள். அந்தப் பச்சையையும், அதன்மேல் மை தெறித்ததுபோல் ஓடும் கறுப்பையும், கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் உடல் சூட்டை உணரும் அந்தச் சின்னக் குழியையும் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு மனம் ஒட்டிக்கொள்ளும். நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கிற சனம் நாங்கள். பாம்பின் மேல் பயமும் பக்தியும் கலந்த ஓர் ஈர்ப்பு எங்கள் இரத்தத்தில் இருக்கிறது.

நானும் 19 வயதில் ஒன்றை வைத்திருந்தேன். மூன்றாம் கிழமை அது சாப்பிடுவதை நிறுத்தியது. இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், கண்ணாடியின் ஒரே மூலையில் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மேலுதட்டுச் செதில்கள் உரிந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. 'பழகிக்கொண்டிருக்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் கொக்கியைச் சரியாகப் போடாமல் வகுப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா அந்த அறையைக் கூட்டி முடித்திருந்தார். பாம்பு திரைச்சீலைக் கம்பியில் சுற்றிக் கிடந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஆசை என்னுடையது, ஆபத்து அம்மாவுடையது. அவரிடம் நான் கேட்கவே இல்லை.

அவர் கடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பச்சை விரியன் கடியால் உயிர் போவது அரிது. ஆனால் கடுமையான வலியும் வீக்கமும் வரும், சிலருக்கு இரத்தம் உறைவதும் கெடும். எங்கள் வைத்தியசாலைகளில் உள்ள நஞ்சுமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை என்ற நான்கின் நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி எடுப்பது. பச்சை விரியனுக்கு அதில் மருந்து இல்லை.

'வடிவாகப் பார்த்துக்கொள்ளுவன்' என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. கார்ல் ஷ்மிட், சிக்காகோ அருங்காட்சியகத்தில் ஊர்வனவற்றோடு வாழ்நாளைக் கழித்த அறிஞர். 1957 செப்டெம்பரில், அடையாளம் காண அனுப்பப்பட்ட பூம்ஸ்லாங் என்ற ஆபிரிக்கப் பாம்பின் குட்டி அவர் பெருவிரலில் கடித்தது. பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைத்துத் தன் உடலில் நடப்பதைக் குறித்துக்கொண்டே இருந்தவர், மறுநாள் இறந்துபோனார். அவருக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப் போகிறது?

அடைத்து வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளரின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். சில கிழமைகளில் சில தடவை நஞ்சு எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுவார்கள். எங்கள் நோயாளிகளுக்கு ஏறும் மருந்தின் தொடக்கம் அந்தப் பானைகள்தான். அங்கே பாம்பு அடைபட்டிருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு, ஒரு முடிவு நாளும் உண்டு. கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாம்புக்கு இரண்டும் இல்லை.

ஒருவேளை அதற்குள் யாரையாவது கடித்துவிட்டால்: இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு நேரே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள்.

திணைக்களத்தாரிடம் மகனையே பேசவிடுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஓடைப் பக்கம், எவ்வளவு உயரக் கிளை என்று அவருக்குத்தான் தெரியும். பழக்கமில்லாத இடத்தில் விட்ட பாம்பு அலைந்து திரிந்தே சாகவும் கூடும். பிடித்த இடத்தைச் சரியாகச் சொன்னால் அதே இடத்தில் கொண்டுபோய் விடும்படி கேட்கலாம். முடிந்தால் கூடவே போய்ப் பார்க்கட்டும்.